சாம்பலுக்கு உரிமம்

உணவிலும் விவசாயத்திலும் நானோ துகள்கள் கலப்பதைக் கண்காணிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டபோது, அது கண்காணிக்க வேண்டிய பொருள் எதுவும் நாட்டில் இருந்ததாகத் தெரியவில்லை. இதை யாரும் ஒரு குறையாகக் கருதவில்லை. ஆபத்து வந்த பிறகே அலுவலகம் திறப்பது நம் பழக்கம், இந்த முறை அலுவலகம் முந்திக்கொண்டது என்று திறப்பு விழாவில் பேசியவர்கள் பாராட்டினார்கள்.

இறக்குமதிச் சரக்கைப் பார்ப்பதற்கு வசதியாகத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று ராயபுரத்தில் ஒரு பழைய கயிற்றுக் கிடங்கின் மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். தலைவராக முனைவர் செல்வநாதன் வந்தார். சட்ட ஆலோசகராக ராமசுப்பு. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஆய்வாளர் தண்டபாணி. அவருக்கு ஒரு ஜீப். ஒரு தலைமயிரின் பருமனை லட்சம் கூறாக வெட்டினால் ஒரு கூறு எவ்வளவோ, அந்த அளவுக்குச் சமீபத்தில் இருப்பதுதான் நானோ என்று தண்டபாணிக்கு இரண்டு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் அதை வீட்டில் போய்ச் சொன்னபோது, "கண்ணுக்கே தெரியாதுன்னா அதைத் தேட ஜீப் எதுக்கு?" என்று மனைவி கேட்டார். பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை.

ஆணையம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 'நானோ' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த தேயிலை டப்பா ஒன்று கப்பலில் வந்தது. சோதித்தார்கள். அதில் நானோ எதுவும் இல்லை. ஆகவே அது ஆணையத்தின் வரம்புக்குள் வராது என்று விட்டுவிட்டார்கள். டப்பா கடைகளுக்குப் போனது, அதே கொட்டை எழுத்துடன். பிறகு உள்ளே நானோ வெள்ளி பூசிய மீன் பெட்டிகள் வந்தன. அவற்றில் நானோ உண்மையிலேயே இருந்தது. ஆனால் பெட்டி உணவு அல்ல. பெட்டிக்குள் வைக்கும் மீனில் வெள்ளி ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தண்டபாணி குறிப்பு எழுதினார். "அது பெட்டியை வாங்கியவரின் மீன்" என்று ராமசுப்பு ஓரத்தில் எழுதிக் கோப்பை மூடினார்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. 2008 தொடக்கத்தில் நிதித்துறை ஒரு கேள்வி கேட்டது. இதுவரை எதை ஒழுங்குபடுத்தினீர்கள்? மார்ச் முடிவதற்குள் ஒன்றையாவது காட்டாவிட்டால், ஆணையம் எடையளவு ஆய்வாளர் அலுவலகத்துடன் இணைக்கப்படும். செல்வநாதன் மனம் உடைந்து போனார். "நானோ அளவைப் பார்க்கிறவர்களை, காய்கறிக் கடைத் தராசைப் பார்க்கிறவர்களோடு உட்கார வைப்பதா?" என்று கூட்டத்தில் கேட்டார். பிறகு தண்டபாணியைப் பார்த்தார். தண்டபாணி ஜீப் சாவியை எடுத்துக்கொண்டார்.

திருவொற்றியூர் வரைக்கும் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. எண்ணூரில் சாலை கடலை ஒட்டி வளையும் இடத்தில் ஒரு மீனவக் குப்பம். கழிமுகத்துக்கு அப்பால் நிலக்கரி எரிக்கும் ஆலையின் புகைபோக்கி ஒன்று நின்று புகைந்துகொண்டிருந்தது. மணலில் பழைய வலையை விரித்து அங்கம்மா நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். வலையும் மீனும் மணலும் ஒரே சாம்பல் நிறம். அந்தக் குப்பத்தில் கருவாடு போடுகிறவர்கள் மீனைப் புரட்டும்போதெல்லாம் துடைப்பக்கட்டையால் வலையைத் தட்டுவார்கள். கொஞ்சம் சாம்பல் உதிரும். மீதி மீனோடு ஊருக்குள் போகும்.

அங்கம்மாவின் வீட்டுக்காரன் கோதண்டத்துக்குப் படகில் கயிறு இழுக்கும்போது கை நசுங்கி, கடலுக்குப் போவது நின்றுபோயிருந்தது. அடுப்பு எரிவது அவளுடைய கருவாட்டை நம்பித்தான். இது தண்டபாணிக்குத் தெரியாது. அவர் குனிந்து ஒரு நெத்திலியை எடுத்து, அதன் மேல் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"நெத்திலி சார்."

"மேல இருக்கிற பொடி?"

அங்கம்மா நிமிர்ந்தாள். ஜீப்பைப் பார்த்தாள். அதில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். பேனா மூடி கழன்றிருப்பதைப் பார்த்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுனாமி அடித்த மறுவாரம் அந்தக் குப்பத்துக்கு இதுபோல ஜீப்கள் வந்தன. அதிகாரிகள் கிடந்த பொருள்களைக் காட்டி, இது யாருது, அது யாருது என்று கேட்டு எழுதினார்கள். "எங்களுது" என்று சட்டெனச் சொன்னவர்களுக்கு நிவாரணம் வந்தது. கோதண்டம் ஒரு வலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்முது மாதிரி தெரியல சார்" என்றான். அது அவனுடைய வலைதான். அலை அதை அடையாளம் தெரியாமல் ஆக்கியிருந்தது. வேறொருவன் தனதென்று சொல்லி அதற்கு நிவாரணம் வாங்கினான். அன்றிலிருந்து ஜீப்பில் வந்து கேட்கிறவனிடம் எதையும் இல்லையென்று சொல்வதில்லை என்பது அங்கம்மா வீட்டில் சட்டம்.

"எங்களுதுதான் சார்" என்றாள்.

"இந்தப் பொடியா?"

"ஆமா சார். வல, கூட, பொடி எல்லாமே எங்களுது. எங்க மாமியா காலத்துலேர்ந்து கீது."

"நீங்களே போடறதா?"

"பின்ன அசலூர்க்காரனா வந்து போடுவான்?"

அடுத்த வலையிலிருந்து கெங்கம்மா கையை ஆட்டினாள். "யக்கா, என்னுதையும் எயுதிக்கச் சொல்லு! எம்மேலயும் நெறய கீது!"

"சும்மா கெடடி" என்று அங்கம்மா பல்லைக் கடித்தாள். "மொதல்ல என்னுத எயுதட்டும்."

தண்டபாணி எழுதிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு ஒத்துழைப்பு கொடுத்த உற்பத்தியாளரைப் பார்த்ததில்லை.

நெத்திலி ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போய், படங்களாகத் திரும்பி வந்தது. படங்களைப் பார்த்துச் செல்வநாதன் எழுந்து நின்றுவிட்டார். கறுப்புப் பின்னணியில் முத்துமுத்தாக உருண்டைகள். பெரியவை, சிறியவை, சிறியவற்றின் இடுக்கில் நானோ அளவில் நூற்றுக்கணக்கானவை.

"இந்த உருண்டையைச் செய்ய வெளிநாட்டுக் கம்பெனிகள் கோடி கோடியாய்ச் செலவழிக்கின்றன. நம் எண்ணூரில் ஒரு பெண்மணி வெயிலில் செய்திருக்கிறார்" என்றார். பிறகு, "விற்பனையை உடனே நிறுத்துங்கள்" என்றார்.

மறுநாள் குப்பத்துக்குத் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் அணிந்த நான்கு பேர் வந்து, அங்கம்மாவின் வலையைச் சுற்றி மஞ்சள் பட்டை கட்டினார்கள். பட்டைக்கு இந்தப் பக்கம் கெங்கம்மாவின் வலையில் அதே சாம்பல், அதே நெத்திலி. அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. ஒரு காக்கை பட்டைக்குள் இறங்கி ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போனது. அனுமதியில்லாத நானோப் பொருள் சுற்றுச்சூழலில் விடுவிக்கப்பட்டது என்று ஒருவர் குறித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் வெள்ளை உடுப்புகள் நிறம் மாறத் தொடங்கின. ஒருவர் தோளைத் தட்டிக்கொண்டார்.

"நைனா, பார்த்து" என்றான் கோதண்டம். "நீ தட்டிக்கினு கீறது எங்க வூட்டு சரக்கு. கீய போடாத."

விசாரணை நாளன்று அங்கம்மா ராயபுரம் அலுவலகத்தின் வராந்தாவில் காத்திருந்தாள். விற்பனை நின்று, வீட்டில் கருவாட்டு மூட்டைகள் சுவர்போல அடுக்கப்பட்டிருந்தன. கொருக்குப்பேட்டை வியாபாரி வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டதாக ஆள் சொல்லி அனுப்பியிருந்தான். பக்கத்து நாற்காலியில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் குணசேகரன். நானோ மீன் பெட்டிக் கம்பெனியின் ஏஜென்ட்.

"உங்க கேஸ் என்னக்கா?"

"மீன்ல பொடி கீதாம்."

"பொடி உங்களுதா?"

"என்னுதுன்னுதான் சொன்னேன்."

குணசேகரன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஏன்கா சொன்னீங்க? எங்க பெட்டியில நெசமாவே வெள்ளி இருக்கு. ஆனா அது பெட்டியில இருக்கு. மீனுக்குப் போச்சுன்னா அது மீன்ல இருக்கு. எங்க பெட்டி, எங்க வெள்ளி, ஆனா மீன் எங்களுது இல்ல. புரியுதா?"

"உள்ள கூப்ட்டு கேக்க மாட்டாங்களா?"

"நான் கேஸுக்கு வரல. காலண்டர் குடுக்க வந்தேன்."

உள்ளே நீளமேசைக்குப் பின்னால் செல்வநாதன், ராமசுப்பு, தண்டபாணி. காற்றின் தரத்தை அளக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பிரதிநிதியும் அழைக்கப்பட்டிருந்தார்.

"அம்மா, இந்தத் துகளை எந்த முறையில் தயாரிக்கிறீர்கள்?" என்று செல்வநாதன் மரியாதையாகக் கேட்டார்.

அங்கம்மாவுக்கு விஷயம் நிவாரணம் அல்ல என்பது இதற்குள் புரிந்திருந்தது. "சார், அது நான் செய்யறது இல்ல சார். பொகக் கொயா கீதுல்ல, அதுலேர்ந்து வுயுது. ஊரு பூரா வுயுது. சாப்பாட்டுல, தண்ணில, தலையில. தானா வுயுது சார்."

"தானாக விழுவதற்குச் சட்டத்தில் இடமில்லை" என்றார் ராமசுப்பு. "எங்கள் சட்டம் உணவில் சேர்க்கப்படும் துகளைப் பற்றியது. சேர்த்தவர் ஒருவர் இருக்க வேண்டும். புகைபோக்கி உணவு தயாரிப்பதில்லை. ஆகையால் அதை எங்களால் எதுவும் கேட்க முடியாது."

எல்லோரும் காற்று அலுவலகப் பிரதிநிதியைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நாங்கள் வடிதாளில் காற்றை இழுத்து எடை பார்க்கிறோம். நீங்கள் சொல்லும் துகள் ரொம்பப் பொடி. வடிதாளைத் தாண்டிப் போய்விடும். எங்கள் தாளில் நிற்காதது எங்கள் அதிகாரத்தில் நிற்காது."

"அப்ப அது யாருது சார்?" என்றாள் அங்கம்மா.

ராமசுப்பு ஒரு தாளைப் புரட்டினார். "நீங்களே ஆய்வாளரிடம் சொல்லியிருக்கிறீர்கள். 'எங்களுதுதான். மாமியார் காலத்திலிருந்து இருக்கிறது.'"

செல்வநாதன் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவர் உரையாற்றப் போகிறார் என்பது தண்டபாணிக்குத் தெரிந்தது.

"அம்மா, நீங்கள் பயப்படக்கூடாது. நாங்கள் எதையும் தடுப்பதற்காக இல்லை. தடுத்துவிட்டால் பிறகு கண்காணிக்க என்ன இருக்கும்? ஒரு துகள் பதிவாகாமல் வயிற்றுக்குள் போனால் அது ஆபத்து. அதே துகள் பதிவாகிப் போனால் அது தொழில்நுட்பம். வயிற்றுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். அரசாங்கத்துக்குத் தெரியும். நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனால், எங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் சொல்ல முடியாது, தெரிந்தேதான் அனுமதித்தோம் என்று தலை நிமிர்ந்து சொல்வோம். அதற்குப் பெயர்தான் பொறுப்பு."

"நான் வியாபாரம் பண்லாமா, கூடாதா? அத்த சொல்லுங்க சார். மூட்ட வூட்ல கெடக்குது."

"துகள் உங்களுடையது இல்லையென்றால், உரிமையாளர் இல்லாத நானோச் சரக்கு. அழித்துவிட வேண்டும். உங்களுடையது என்றால், உரிமம் தரலாம்."

அங்கம்மா யோசிக்கவில்லை. "என்னுதுதான் சார்."

பாதுகாப்புச் சோதனைக்கான கேள்விகளை ராமசுப்பு கேட்கத் தொடங்கினார். "எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா?"

"குடுக்கணுமா சார்? அதுவே வந்து துன்னுட்டுப் போவுது."

"எலிகளுக்கு என்ன ஆயிற்று?"

"இன்னா ஆவும்? கொயுத்து பூன கணக்கா கீது."

'விலங்குச் சோதனை: எடை அதிகரிப்பு' என்று பதிவாயிற்று.

"மனிதர்களில்?"

"குப்பமே துன்னுது சார்."

'மனிதச் சோதனை: தலைமுறைகளாக, தன்னார்வலர்களிடம்.'

"பக்கவிளைவு ஏதாவது?"

"இருமல் கீது சார். கொயந்தைங்களுக்கு மூச்சு இயுக்குது."

பேனாக்கள் நின்றன. ராமசுப்பு முன்னால் சாய்ந்தார். "யோசித்துச் சொல்லுங்கள். இது சாப்பிடுவதால் வருகிறதா, சுவாசிப்பதால் வருகிறதா?"

"மூச்சு வுடறதாலதான் சார்."

ராமசுப்பு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "மூச்சு உணவு அல்ல" என்றார். அந்த வரி அடிக்கப்பட்டது. பக்கவிளைவு: இல்லை.

மார்ச் கடைசி வாரத்தில் அங்கம்மாவுக்கு உரிமம் வழங்கப்பட்டது. செல்வநாதன் பொன்னாடை போர்த்தினார். கருவாட்டுப் பொட்டலத்தில் 'நானோத் துகள் சேர்க்கப்பட்டது' என்று ஒட்ட வேண்டும், பதிவான அளவுக்குக் கீழே துகள் குறையக் கூடாது என்பவை நிபந்தனைகள். ஆணையம் தப்பித்தது. அதற்கு இரண்டாவது ஜீப் வந்தது.

கருவாடும் விற்றது. சந்தைக்கு வந்தவர்கள் ஒட்டுத்தாளைப் படித்து, ஏதோ புதுசு என்று கூடுதலாகவே வாங்கினார்கள். அங்கம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்குள் கெங்கம்மா ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுடைய மகள் ஜெயஸ்ரீயின் குழந்தைக்கு மூச்சிழுப்பு. சாம்பலை நிறுத்தச் சொல்லி ஜெயஸ்ரீ காற்று அலுவலகத்துக்கு மனு போட்டிருந்தாள். எண்ணூர்ப் பகுதிச் சாம்பல் பதிவு செய்யப்பட்ட உணவுச் சேர்மானம் என்றும், குறைகளை அதன் உரிமையாளரிடம் தெரிவிக்கவும் என்றும் பதில் வந்திருந்தது. கீழே அங்கம்மாவின் முகவரி.

"இன்னாக்கா இது? கொயந்த மூச்சு வாங்கறதுக்கு உன்னாண்ட மனு குடுக்கணுமாமே?"

"எனக்கு இன்னாடி தெரியும்? அவன் எயுதறான்."

"நீ சொன்னாதானே எயுதுவான்? அன்னிக்கு என்னுத எயுதிக்கன்னு கத்துனேனே, இன்னா சொன்ன? மொதல்ல என்னுத எயுதட்டும்ன. இப்ப ஊரு சாம்பல் பூரா உன்னுது. சந்தோசமா?"

"அடியே, நானாடி ஊதறேன்?"

"கவர்மெண்டு நீதான்னு சொல்லுது. நான் இன்னாத்த கண்டேன்" என்று கடிதத்தை மீன்கூடை மேல் போட்டுவிட்டுப் போனாள். அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி வரும்போது ஒருத்தி குடத்தை வரிசையில் வைத்தால், மற்றவள் நான்கு குடம் தள்ளி வைத்தாள்.

மே மாதம் புகைபோக்கி நின்றது. பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருந்தார்கள். குப்பத்தில் முதலில் யாருக்கும் என்ன மாறியது என்று புரியவில்லை. கொடியில் போட்ட வெள்ளை வேட்டி மாலையிலும் வெள்ளையாக இருந்தது. வலையில் நெத்திலி வெள்ளிக்கம்பிபோலக் காய்ந்தது. கோதண்டம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாமே, மீன் வாசன வருது!" என்று ஆச்சரியப்பட்டான். கெங்கம்மாவின் பேத்தி மணலில் நாயைத் துரத்திக்கொண்டு ஓடியது. அது ஓடி அங்கம்மா பார்த்ததில்லை. இரண்டடி வைத்தாலே உட்கார்ந்துவிடும் குழந்தை.

அந்த வாரமே தண்டபாணி மாதிரி எடுத்துப்போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"உங்க கருவாட்டில நானோ இல்லம்மா. பதிவான அளவில ஒரு பங்குகூட இல்ல. நானோன்னு ஒட்டி நானோ இல்லாம விக்கிறது போலிச் சரக்கு."

"சுத்தமா கீதே சார்!"

"அதுதாம்மா குத்தம்."

"தேயில டப்பால நானோன்னு போட்டு ஒண்ணுமே இல்லாம விக்கிறாங்களாமே, அந்த டைகட்டுன ஆளு சொன்னாரு."

"அவங்க உரிமமே வாங்கலியே. நீங்க வாங்கியிருக்கீங்க."

சுத்தமான நெத்திலி மூட்டைகள் அழிப்பதற்காக ஜீப்பில் ஏற்றப்பட்டன. அழித்ததற்கு ஆணையத்தில் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வாரம் அவர்கள் மதியச் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தபோதெல்லாம் கயிற்றுக் கிடங்கு மாடியில் நல்ல வாசனை வந்ததாகக் கீழே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பதினைந்து நாளுக்குள் துகளைப் பழைய அளவுக்குக் கொண்டுவராவிட்டால் உரிமம் ரத்து, வலை பறிமுதல் என்று அங்கம்மாவுக்குத் தாக்கீது வந்தது.

"நேரா கொயாக்காரன் கேட்ல போயி, எப்ப வுடுவேன்னு கேட்டுட்டு வா" என்றான் கோதண்டம். "வேற இன்னா வயி?"

அங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். கெங்கம்மா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். குழந்தை வாசலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. நெஞ்சிலிருந்து இழுப்புச் சத்தம் வரவில்லை. அங்கம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஆலைக் கதவுக்குப் போகாமல் பஸ் ஏறி ராயபுரத்துக்குப் போனாள்.

"சார், அந்தச் சாம்பல் எனக்கு வாணாம். லைசன்ஸ வாங்கிக்குங்க" என்றாள்.

ராமசுப்பு சங்கடத்துடன் சிரித்தார். அவருடைய பணிக்காலத்தில் யாரும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை. "அவ்வளவு சுலபம் இல்லையம்மா. உரிமத்தைத் திருப்பித் தருபவர், கையிருப்பில் உள்ள சேர்மானம் முழுவதையும் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். விதி இருக்கிறது. அதற்குப் பிறகு அது ஆணையத்தின் சொத்து. உங்களால் முடிகிற காரியமா?"

"முயுசுமா?"

"முழுவதும்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு அங்கம்மா வந்துவிட்டாள். ராமசுப்பு அதை மறந்துவிட்டார்.

ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய அன்று கெங்கம்மாவின் பேத்திக்கு இழுப்பு வந்தது. மறுநாள் காலையில் அங்கம்மா துடைப்பத்தோடு கெங்கம்மா வாசலில் நின்றாள்.

"உன் கூரமேல கீற சாம்பல் என்னுதுடி. எடுத்துக்கினு போவ வந்துக்கீறேன்."

கெங்கம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க எடுத்துக்கினு போற?"

"ராயபுரத்துக்கு. அவங்களுதாயிடும்."

கெங்கம்மா உள்ளே போய் ஒரு கூடையும் முறமும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கோதண்டம் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தான். கூரையிலிருந்தும் குடத்தடியிலிருந்தும் கோயில் சுவரிலிருந்தும் கூட்டி அள்ளிய சாம்பல் மூட்டைகள் முன்பக்கத் தட்டில் ஏறின. ராயபுரத்தில் பெண்கள் அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் நீளமேசை மேல் வைத்தார்கள். தண்டபாணி எடை பார்த்து ரசீது கொடுத்தார். விதி அப்படித்தான் சொன்னது.

"கையிருப்பு இவ்வளவுதானே?" என்று கேட்டார் ராமசுப்பு.

"நேத்துவரிக்கும் உள்ளது சார். இன்னிக்கி வுயறத நாளைக்கி கொணாறோம். வந்துகினேகீது, நாங்க இன்னா பண்றது?"

மறுநாள் கொண்டுவந்தார்கள். அதற்கு மறுநாளும். வண்டி இரண்டாயிற்று. மேசை நிறைந்து, அலமாரி நிறைந்து, செல்வநாதனின் அறை வாசலில் மூட்டைகள் குவிந்தன. மின்விசிறியைப் போட முடியவில்லை. முதலில் ராமசுப்பு இருமத் தொடங்கினார். பிறகு வாரக்கடைசியில் ஜெயஸ்ரீ பெயரில் ஆணையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எண்ணூர்ச் சாம்பல் இப்போது தங்கள் சொத்து என்று தெரியவருவதால், என் குழந்தையின் மூச்சிழுப்புக்குத் தாங்களே பொறுப்பு. பின்னால் குப்பத்து வீடுகள் எல்லாவற்றின் கையெழுத்தும் இருந்தது.

ஆணையம் அன்று மாலையே அவசரமாகக் கூடியது. அரசு அலுவலகம் ஒன்று இவ்வளவு வேகமாக இயங்கியதற்கு அந்த வட்டாரத்தில் முன்னுதாரணம் இல்லை. பழைய படங்களை எடுத்து மறுபடி பார்த்தார்கள்.

"இந்த உருண்டை கொஞ்சம் பெரிதாகத் தெரியவில்லை?" என்றார் ராமசுப்பு, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு.

"பெரிதுதான்" என்றார் செல்வநாதன். "அதன் பக்கத்தில் இருப்பதும் பெரிது."

"இடுக்கில் பொடியாக இருக்குதே சார்?" என்றார் தண்டபாணி.

"அது அச்சுப் பிழை" என்றார் செல்வநாதன்.

உத்தரவு வந்தது. எண்ணூர்ச் சாம்பலில் நானோத் துகள் இல்லை. இருந்ததாகக் கருதியது தொழில்நுட்பக் கோளாறு. ஆகவே உரிமம் வழங்கப்பட்டதே செல்லாது. வழங்காத உரிமத்தைத் திருப்பித் தர முடியாது என்பதால், பெற்றுக்கொண்ட மூட்டைகளுக்கு ஆணையம் பொறுப்பல்ல. அங்கம்மா தன் விருப்பப்படி கருவாடு விற்றுக்கொள்ளலாம். மேலும், ஆணையத்தின் இடையறாத விழிப்பினால் எண்ணூர் 'நானோ இல்லாத பகுதி' என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சாதனைக்காக டெல்லியில் செல்வநாதனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். குப்பத்து முனையில் ஒரு பச்சைப் பலகை நட்டார்கள். எழுத்துகள் மூன்று நாள் படிக்கும்படி இருந்தன.

அங்கம்மாவின் நெத்திலி மறுபடி கொருக்குப்பேட்டைக்குப் போயிற்று. ஒட்டுத்தாள் கிடையாது, மஞ்சள் பட்டை கிடையாது. அவளைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. ஜெயஸ்ரீயின் கடிதமும் திரும்பி வந்தது. இல்லாத பொருளைப் பற்றிய மனுவை ஏற்க இயலாது என்று எழுதியிருந்தார்கள்.

கெங்கம்மா அதைக் கொண்டுவந்து அங்கம்மாவின் வலையோரம் உட்கார்ந்தாள். இடுப்பில் குழந்தை. அதன் நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உன்னுது இல்லன்ட்டான். அவுங்களுதும் இல்லன்ட்டான். காத்து ஆபீஸ்காரன் தாள்ல நிக்காதுன்றான். இப்ப மனுவ யாராண்ட குடுக்கறது?"

அங்கம்மா குழந்தையை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தடவினாள். கழிமுகத்துக்கு அப்பால் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கோதண்டத்துக்குக் குரல் கொடுத்தாள்.

"யோவ், அந்த மீன்பாடி வண்டிக்காரன கூப்புடு. ரெண்டு வண்டி பத்தாது, நாலு சொல்லு."

"இன்னாத்துக்குமே? ராயபுரத்துல வாங்க மாட்டானே."

"ராயபுரத்துக்கு யார் போறா?" என்றாள் அங்கம்மா. "கொயாக்காரன் கேட்டுக்கு. அவன் சரக்கு, அவனாண்டயே கொட்டிட்டு வரலாம்."

கெங்கம்மா எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடிதத்தை நான்காக மடித்து, கூடையின் அடியில் ஓட்டை இருந்த இடத்தில் வைத்து அடைத்தாள். பிறகு முறத்தை எடுத்து, தன் வீட்டுக் கூரையிலிருந்து ஆரம்பித்தாள்.